ஆழிப்பேரலையும் விண்வெளி ஆய்வும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்திலே கல்லடியும் நாவலடியும் அமைந்துள்ளன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிறும் பௌர்ணமியும் கூடிய காலைப்பொழுதில், கடல் இம்மணல்நிலத்தைக் கடந்து வாவியோடு கலந்தது. தெற்கே காரைதீவு, கல்முனை, மருதமுனை முதலான ஊர்களும் அழிவுக்குள்ளாயின. அந்நாளின் துயரம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால், அதே வேளையில் வானிலே நிகழ்ந்த ஒன்று நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை.

சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 6.59 மணிக்கு, 9.1 அளவினதான பூமியதிர்ச்சி ஏற்பட்டது. ஏறக்குறைய இரண்டு மணிநேரத்தில் அலை நமது கிழக்குக் கரையை எட்டியது. கரையிலே மக்கள் ஓடிக்கொண்டிருந்த அவ்வேளையில், அமெரிக்காவும் பிரான்சும் கூட்டாக இயக்கிய ஜேசன்-1, ரொப்பெக்ஸ்-பொசைடன் ஆகிய இரு செய்மதிகள் 1,300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் இந்து சமுத்திரத்தைக் கடந்து சென்றன. கடற்பரப்பை நோக்கி ராடார் துடிப்புகளை அனுப்பி, அவை மீள எடுக்கும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளப்பன இவை. திறந்த கடலில் அலையின் உயரம் ஏறத்தாழ 60 சதமமீற்றர் என அவற்றின் பதிவுகள் காட்டின. முழங்காலுக்குச் சற்று மேல், அவ்வளவே! அதன் ஒரு முகட்டுக்கும் மறுமுகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இருந்தமையால், ஆழ்கடலிற் படகில் இருந்தவன் அதனை உணர்ந்திருக்க மாட்டான். ஆழங்குறைந்த கரையோரத்தில் முன்செல்லும் நீர் வேகந் தளர, பின்வருவது அதனை நெருக்க, அலை உயர்ந்தெழுகின்றது.

எனினும் அப்பதிவுகள் பல மணிநேரம் கழிந்த பின்னரே ஆராயப்பட்டன. எச்சரிக்கைக்கென அன்றி, கடல்மட்ட மாற்றத்தையும் எல் நினோ போன்ற நீரோட்ட வேறுபாடுகளையும் அறியவே அச்செய்மதிகள் ஏவப்பட்டிருந்தன. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் பூமியதிர்ச்சியை நிமிடங்களில் அறிந்திருந்தும், இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிப்பதற்கான ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. தொடர்பாடற் செய்மதிகள் உலகெங்கும் செய்தி கொண்டுசெல்லலாம் என 1945இலேயே எழுதிய ஆதர் சி. கிளார்க் அப்போது கொழும்பிலே வாழ்ந்திருந்தார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கின்றது. எச்சரிக்கை அமைப்பு பின்னரே உருவாயிற்று. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, நமது கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு அகன்றனர், பேரலை வரவில்லை.

பேரலை பௌர்ணமியன்று வந்தமையால் நிலவுக்கும் அதற்கும் தொடர்புண்டோ என எண்ணுவது இயல்பு. பல்கலைக்கழகத்தார் இதனைப் பாமர நம்பிக்கை எனத் தள்ளிவிடுவதும் இயல்பே. ஆனால், விடயம் அத்துணை எளிதன்று. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஞாயிறும் திங்களும் பூமியோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைவதால், அவற்றின் ஈர்ப்பு கடலை மட்டுமன்றித் திண்ணிய நிலத்தையும் சற்றே கூடுதலாக இழுக்கின்றது. தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்தோஷி இதே முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்விலே, இவ்விழுவிசை மிகும் நாட்களில் சிறிய அதிர்வுகள் பேரதிர்வுகளாக வளரும் வாய்ப்பு அதிகரிக்கின்றது எனக் காட்டினர். 2004ஆம் ஆண்டின் அதிர்ச்சியும் அவர்கள் சுட்டியவற்றுள் ஒன்று. இதனை எதிர்வுகூறலாகக் கொள்ளுதல் தவறாகும். எண்ணிறந்த பௌர்ணமிகள் அமைதியாகவே கழிந்துள்ளன. நிலவு அதிர்ச்சியை உண்டாக்கியது எனல் வேறு; உடையும் தறுவாயிலிருந்த பாறைக்கு இறுதிச் சிறுவிசையை அளித்திருக்கலாம் எனல் வேறு. பின்னது இன்றும் தீராத வினாவே.

மற்றொரு தற்செயலும் உண்டு. மறுநாளிரவு, நமது நேரப்படி 28ஆம் நாள் அதிகாலை 3.30 மணியளவில், தனு இராசித் திசையிலுள்ள எஸ்.ஜி.ஆர். 1806-20 என்னும் காந்த விண்மீனிலிருந்து வந்த காமாக் கதிர்வீச்சு புவியின் மேல்வளிமண்டலத்தையே தாக்கியது. இரண்டையும் இணைத்துப் பேசியோர் உளர். அத்தகைய தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை.

பயன்தரக்கூடிய தொடர்பு வேறிடத்தே உள்ளது. பேரலை தன்மேலுள்ள காற்றை மெல்ல உயர்த்தித் தாழ்த்துகின்றது. மேலே செல்லச் செல்ல வளி ஐதாவதால் அவ்வசைவு பெருகி, சில நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயன்மண்டலத்தையும் குலைக்கின்றது. வழிகாட்டிச் செய்மதிகளின் வானொலிச் சைகைகள் அதனாற் சிறிது மாறுபடுகின்றன. 2004ஆம் ஆண்டின் பதிவுகளிலும் இத்தடயம் பின்னர் கண்டறியப்பட்டது. 2022இல் ஏவப்பட்ட சுவொற் செய்மதியோ, ஒற்றைக் கோடாக அன்றி 120 கிலோமீற்றர் அகலப் பட்டையாகக் கடலை அளப்பது. 2025 ஜூலை 30இல் கம்சட்கா அதிர்ச்சிக்கு ஏறத்தாழ 70 நிமிடங்களின் பின் எழுந்த அலையை அது கண்டது. அதுவும் வழிச்செல்கையிற் கண்டதே.

அயன்மண்டலத் தடயத்தை உடனுக்குடன் படித்து அலையின் உயரத்தைக் கூறும் முயற்சி நடைபெறுகின்றது. ஆயின் நமது வானம் இதற்கு எளிதில் இடங்கொடாது. புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் நாம் இருக்கின்றோம். அக்கோட்டருகே அமைந்த கேரளத்துத் தும்பாவிலிருந்தே 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கற்று ஏவப்பட்டது. சூரியன் மறைந்த பின் இப்பகுதி அயன்மண்டலத்திற் குமிழிகள் போன்ற குழப்பங்கள் தாமாகவே எழுகின்றன. அக்குழப்பத்தினின்று பேரலையின் மெல்லிய தடயத்தை, அதுவும் அலை நாவலடியை எட்டுவதற்கு முன்னுள்ள அந்த இரண்டு மணிநேரத்துள், பிரித்தறிவது எவ்வாறு என்பது இன்னமும் விடைகாணப்படாதுள்ளது.