தோலைக் கழற்றிய பந்து

வாலிபால் பிறந்தபோது அதற்கென்று ஒரு பந்து கிடையாது. 1895இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அவரிடம் வந்த நடுவயது வியாபாரிகளுக்குக் கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே டென்னிஸ் வலையை உயர்த்திக் கட்டி, கூடைப்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பிளாடரை மட்டும் எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். அது காற்றில் சோம்பலாக மிதந்தது. முழுக் கூடைப்பந்தையே எடுத்தால் கனம் தாங்கவில்லை. கடைசியில் ஸ்பால்டிங் நிறுவனத்திடம் சொல்லித் தோல் போர்த்திய லேசான பந்து ஒன்றைச் செய்து வாங்கினார்கள். இன்றைய பந்தும் ஏறக்குறைய அதே அளவுதான்: சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம்.

மோர்கனின் விதிப்படி ஓர் அணியினர் பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தங்களுக்குள் தட்டிக்கொள்ளலாம். ஆட்டத்துக்குச் சூடு ஏறியது பிலிப்பைன்ஸில். ஒருவர் உயரத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் எகிறி ஓங்கி அடிக்கும் முறையை 1916 வாக்கில் அங்கேதான் பழக்கினார்கள். 1920இல், மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்டியாக வேண்டும் என்ற விதி வந்தது. பாஸ், லிஃப்ட், ஸ்மாஷ். தன் பயணத்தில் பந்து சம்பாதித்த மிகப் பெரிய சொத்து இந்த மூன்றுதான் என்பேன். தோல் போய்ச் செயற்கைத் தோல் வந்தது, பாயிண்ட் எண்ணும் முறை மாறியது. இந்த வரிசையை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கும் ஒய்.எம்.சி.ஏ.தான் வழி. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியிலும், அது வளர்ந்து ஆன கல்லூரியிலும் படித்து வெளியே வந்த டிரில் மாஸ்டர்கள், தாங்கள் வேலைக்குப் போன ஊர்களுக்கு விசிலோடு பந்தையும் கொண்டுபோனார்கள். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து இருந்தால் பன்னிரண்டு பேர் ஆடலாம். கிராமத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஆட்டம் ஏது? அர்ஜுனா விருது தொடங்கிய 1961ஆம் ஆண்டே வாலிபாலுக்காக ஏ. பழனிசாமி அதைப் பெற்றார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளிப் பதக்கம் வாங்கியது.

பந்து தைத்தவர்களின் கதை தனி. பிரிவினைக்கு முன் அந்தத் தொழிலின் ஊர் சியால்கோட். 1934இல் அங்கே தொடங்கிய நிவியா நிறுவனமும் ஏராளமான கைவினைஞர்களும் 1947க்குப் பின் ஜலந்தருக்கு வந்து சேர்ந்தார்கள். திருச்சி காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்திலும், பொங்கல் சமயத்தில் 'மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி' என்று போஸ்டர் ஒட்டும் காவிரிக்கரை ஊர்களிலும் அடி வாங்கும் பந்துகளில் பஞ்சாபில் பிறந்தவை நிறைய.

இதற்கு அப்புறம்தான் பந்து மாயமாகிறது.

2006இல் நிண்டெண்டோவின் வீ என்ற வீடியோ கேம் கருவி வந்தது. கையில் பிடித்த ரிமோட்டை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். வீசிய வேகத்தில் மணிக்கட்டுப் பட்டை அறுந்து ரிமோட் பறக்க, அந்த நிறுவனம் 32 லட்சம் பட்டைகளை மாற்றித் தர முன்வந்தது. வீ ஸ்போர்ட்ஸில் வாலிபால் இல்லை. 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் ஸ்போர்ட்ஸில் கடற்கரை வாலிபால் வந்தது. அதில் கையில் எதுவுமே வேண்டாம், அகச்சிவப்புக் கதிரை வீசி ஆளின் உடம்பையே கேமரா அளந்துகொள்ளும். 2022 ஏப்ரல் 29இல் வெளியான நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில், அணிக்கு இரண்டு பேராக வாலிபால் இடம் பிடித்தது.

அந்த ஆட்டம் ஓடும் ஸ்விட்ச் கருவியை நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. இறக்குமதிக் கடைகளை விட்டால், திருச்சிக்காரர்களுக்குச் சிங்கப்பூர்தான் கதி. சாங்கியில் ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் திருச்சி; மைலோ டின்னுக்கும் தைலப் பாட்டிலுக்கும் நடுவில் கேம் பெட்டியும் வந்து இறங்கும். சார்ஜர் நம் மின்சாரத்தைத் தாங்கும், ஆனால் சிங்கப்பூர் பிளக்கின் பட்டைக் கம்பிகள் நம் சாக்கெட்டில் ஏறாது. ஸ்ரீரங்கத்துக்குப் போனதும் முதல் செலவு ஓர் அடாப்டர்.

ஸ்விட்சில் கையில் பிடித்து ஆடும் ஜாய்-கானின் எடை சுமார் 50 கிராம், பந்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் துணுக்கு ஒன்று நுண்ணிய வில்லில் தொங்குகிறது. கையை வீசினால் அது நகரும். நகர்ந்த அளவு மின்சாரக் கணக்காக மாறும். திரும்பும் கோணத்தைப் பார்க்க இன்னொரு உணரி உண்டு. கீழிருந்து மேலே வீசினால் பாஸ், மேலே உயர்த்தினால் லிஃப்ட், எகிறவைத்து ஓங்கி இறக்கினால் ஸ்மாஷ். பிலிப்பைன்ஸில் கற்ற வரிசை அப்படியே வந்துவிட்டது. பந்தை நோக்கி நடக்கும் வேலையைத் திரையில் உள்ள பொம்மையே பார்த்துக்கொள்கிறது. சோபாவில் சாய்ந்து மணிக்கட்டை மட்டும் சொடுக்கினாலும் பாயிண்ட் கிடைக்கும், ஏனென்றால் உணரிக்குக் கருவியின் அசைவுதான் தெரியும், உங்கள் முழங்கால் தெரியாது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் இந்த ஆட்டம் நாணயமானது: நேரம். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் ஸ்மாஷ் சொத்தையாகிவிடுகிறது. மைதானத்திலும் அதே கதைதான். லிஃப்ட்தான் அநியாயம். பத்து விரலும் பந்தில் பூப்போலப் பட்டு விலக வேண்டும், 'டபுள்' என்று நடுவர் விசில் ஊதக் கூடாது. அதைக் கற்க வருஷக்கணக்கில் ஆகும். ஜாய்-கானில் கையைத் தூக்கினால் முடிந்தது. ஸ்மாஷுக்கு நூற்றுக்கு அறுபது போடுவேன். லிஃப்டுக்கு முட்டை.

இடத்துக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளின் நீளக் கூடம் இதற்குத் தோதானது. புது அடுக்குமாடிகளில் தலைக்கு மேல் மின்விசிறி, எதிரே டி.வி., இடையே டீப்பாய். வீட்டில் ஆடும் பிள்ளைகள் இருந்தால் டீப்பாயை நகர்த்துங்கள், பட்டையை மணிக்கட்டில் இறுக்கச் சொல்லுங்கள். அப்படியே ஒரு நிஜப் பந்தும் வாங்கிக் கொடுங்கள். லிஃப்டை அதில்தான் கற்க முடியும்.