இரண்டாயிரம் மீட்டர்

அந்தக் கிராஃபிக்ஸ் கார்டு பெட்டியின் மேல் '128 எம்பி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200. 2006-ல் கடலூரில் ஒரு கடையில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். பொறியியல் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய பணம். பெட்டியில் எங்குமே போடாத விஷயம், அதன் மெமரி பஸ் 64 பிட் அகலம்தான் என்பது. அதே கார்டு 128 பிட்டிலும் வந்தது. தகவல் போகும் பாதையின் அகலம் அதில் இரண்டு மடங்கு. கிடங்கு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, வாசல் பாதி அகலம் என்றால் சாமான் பாதி வேகத்தில்தான் வெளியே வரும். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, கேம் ஓடுதில்ல?" என்றார். ஓடத்தான் செய்தது.

அவசரப்பட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க மூடப்போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. அப்பா சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு சீசன் டிக்கெட்டில் இருபது வருஷத்துக்கு மேல் போய்வந்த லைன் அது. மூடுவதற்குள் அதை மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்குள் கட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அந்த சிமுலேட்டர் 2001-ல் வந்தது. செய்தது இங்கிலாந்தின் கூஜூ நிறுவனம். கூடவே வந்தவை ஆறு பாதைகள்: அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இங்கிலாந்தின் செட்டில் – கார்லைல், ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பாதை. அதோடு பாதை அமைக்கும் எடிட்டரையும் கொடுத்திருந்தார்கள். அரைமணிக்கொரு தரம் தானாக மூடிக்கொள்ளும் எடிட்டர். ஆனால் அது இருந்ததால்தான் உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் ஊர் ரயில் பாதையைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

எங்கள் பாதைக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. 1874-ல் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து உருவான தென்னிந்திய ரயில்வே, சென்னையிலிருந்து தெற்கே போட்ட மெயின் லைனின் துண்டு இது. போட் மெயில் இதில்தான் தனுஷ்கோடிக்குப் போனது. விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் வந்த பிறகு அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட, இந்தப் பக்கம் கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் போகிறவர்கள் மிஞ்சினார்கள். கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் இரும்பு உருக்கிய பரங்கிப்பேட்டையில் இன்றைக்கு ரயிலைத் தவிர இரும்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

முதல் சிக்கல் தண்டவாளம். மீட்டர் கேஜ் என்றால் 1000 மில்லிமீட்டர். இந்திய அகலப்பாதை 1676. சிமுலேட்டரோடு வந்த தண்டவாளத் துண்டுகள் 1435. எங்கள் ஊர் அன்றைக்கு இருந்த அளவும் இல்லை, நாளைக்கு ஆகப்போகிற அளவும் இல்லை. வேறு வழியில்லாமல் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினை அந்த 1435-ன் மேலேயே ஓடவிட்டேன். மானிட்டரைப் பார்த்த அப்பா முதலில் சொன்னது, "லைன் என்னடா இவ்ளோ அகலமா இருக்கு?"

அடுத்து கார்டு. பழைய மதர்போர்டில் ஒட்டியே வந்த கிராஃபிக்ஸில் விநாடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம்தான் தேறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ரயிலுக்கு அது ஒவ்வொரு படத்துக்கும் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் தாவல். எஃப்எக்ஸ் 5200 போட்டதும் வெட்டவெளியில் முப்பதுக்கு ஏறியது. சவுக்குத் தோப்பு வந்தால் திரும்பவும் பன்னிரண்டு. புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது: ரயில் சிமுலேட்டரில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் கார்டு அல்ல, பிராசஸர். ஒவ்வொரு மரத்தையும், கம்பத்தையும், ஸ்லீப்பர் துண்டையும் 'இதை வரை' என்று தனித்தனியாகக் கார்டுக்குச் சொல்வது பிராசஸரின் வேலை. நான் ஆயிரம் சவுக்கு மரத்தை ஒவ்வொன்றாக நட்டு வைத்திருந்தேன். பத்து மரத்தை ஒரே பொருளாகச் சேர்த்துக் கட்டியதும், காசு செலவில்லாமல் இருபத்தைந்து ஃபிரேம் வந்தது. கார்டை மாற்றலாமா என்று இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால், முதலில் மரத்தை எண்ணிப் பார் என்றுதான் சொல்கிறேன்.

கார்டு உண்மையிலேயே உதவிய ஒரு இடம் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங். சுட்டுத்தள்ளும் விளையாட்டில் சுவரை நேருக்கு நேர் பார்க்கிறோம். ரயில் ஓட்டுகிறவன் பார்ப்பது படுத்துக்கிடக்கும் தரையை, அதுவும் மிகச் சாய்ந்த கோணத்தில். சாதாரண அமைப்பில் எஞ்சினுக்கு இருபது மீட்டருக்கு அப்பால் ஜல்லியும் ஸ்லீப்பரும் கரைந்து சாம்பல் கூழாகிவிடும். இதை 8 மடங்குக்கு ஏற்றினால் பாதை தூரம்வரை பாதையாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் ஆன்டி-அலையசிங், தண்டவாளத்தின் மெல்லிய கோடு தூரத்தில் மினுமினுக்காமல் இருக்க. நிழலை நான் நிறுத்திவிட்டேன். நம்மூர் உச்சி வெயிலில் நிழல் காலடியில்தானே கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்து கடலூரிலிருந்து ஓட்டிக் காட்டினேன். சிப்காட் வாடை வரலியே என்று சிரித்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, கிள்ளை தாண்டியதும் எழுந்து மானிட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோபுரம் எங்கடா?"

"வரும்ப்பா."

"கிள்ளை தாண்டுனா தெரியணுமே. அத பாத்துதான் பையை எடுப்போம்."

கோபுரம் வந்தது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரக் கோபுரம், ஒன்றுமில்லாத வானத்தில் திடீரென்று முழுசாக முளைத்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அந்த சிமுலேட்டரில் பார்வைத் தூரத்தின் உச்சமே 2000 மீட்டர்தான். கிழக்கு மெட்ராஸ் காலேஜ் பையனின் கார்டு என்றில்லை, எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் அதற்கு மேல் வரையாது.

அன்றிரவு ஒன்று உறைத்தது. அந்த ஆறு பாதைகளில் பெரும்பாலானவை மலைகளுக்கு நடுவே போகின்றன. மற்றவற்றில் நகரத்துக் கட்டிடங்கள் மறைக்கின்றன. அங்கே இரண்டு கிலோமீட்டர் தாராளம். காவிரியின் வாலில், சமதரையில், மறைக்க ஒன்றுமே கிடையாது. எனக்குக் கிடைத்த உயர அளவுத் தரவு 2000-ல் விண்வெளி ஓடம் ரேடாரில் எடுத்தது. அதில் இந்த வட்டாரத்தில் மேடென்று தெரிந்ததில் ஒன்று பிச்சாவரம் பக்கம் இருந்தது. போய்ப் பார்த்தால் அது மேடில்லை, சதுப்புநில மரங்களின் தலை. மலையில் ஒளித்துக்கொள்ளலாம். சமவெளியை வரைவதுதான் கஷ்டம்.

சமாளிப்பதற்காக மூட்டத்தைக் கூட்டி மார்கழி விடியற்காலை ஆக்கினேன். பனிக்குள்ளிருந்து கோபுரம் மெல்ல வருவது அழகாகவே இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "காலையில நான் அந்தப் பக்கமில்ல போவேன்?" என்றார். அவர் கோபுரத்தைப் பார்த்தது வேலை முடிந்து திரும்பும்போது, மேற்கே வெளிச்சம் இருக்கும்போது.

2006 இறுதியில் பாதையை மூடினார்கள். 2010-ல் அகலப்பாதையில் ரயில் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. நான் பத்துப் பத்தாகக் கட்டிய மரங்கள் ஹார்ட் டிஸ்க்கில் நின்றன. மைக்ரோசாஃப்ட் இரண்டாவது சிமுலேட்டரை 2009-லேயே கைவிட்டிருந்தது. பழைய கோப்புகளை அப்படியே படிக்கும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற திறமூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். அதில் பார்வைத் தூரத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

போன வருஷம் அதில் 10,000 மீட்டர் வைத்தேன். இன்றைய நடுத்தரக் கார்டுக்கு என் சவுக்குத் தோப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கிள்ளைக்கு முன்பே வலப்பக்கம் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது. அப்பாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். பார்த்தார், தலையாட்டினார். கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார்.

"வெள்ளாத்துப் பாலத்துல சத்தம் மாறுமே. அத போடலியா?"

என்னிடம் அந்தப் பாதையின் புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஸ்டேஷன் பெயர்ப் பலகை, கேட், கம்பம், பாலத்தின் ஒவ்வொரு தூண் எல்லாம் உண்டு. ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை. மூவாயிரம் ரூபாயும் கார்டுக்குப் போனது. இப்போதைக்கு சிமுலேட்டரோடு வந்த ஏதோ ஒரு பாலத்தின் சத்தத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த இடம் வந்ததும் அப்பா ஸ்பீக்கரைக் குறைத்துவிடுகிறார்.