முண்டாசு கட்டிய வெப்பமானி

காலாங் ஆற்றோரமாக வந்து சிராங்கூன் சாலைப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிற வரைக்கும் தொந்தரவு இல்லை. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். சிவப்பு விளக்கில் காலை ஊன்றினால்தான் ஆரம்பிக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பஞ்சுப்பட்டை அதுவரை குடித்துவைத்த வேர்வையை மொத்தமாகக் கக்கும். ஒரு சொட்டு புருவத்தைத் தாண்டிக் கண்ணாடியின் உட்பக்கம் வழியும். அடுத்தது கண்ணுக்குள் போய் எரியும். சட்டை நுனியால் துடைக்கலாம் என்றால் சட்டையும் ஈரம். அதற்குள் பச்சை விழுந்துவிடும், பின்னால் பஸ் நிற்கும்.

சின்ன விஷயம்தான். ஆனால் இந்த ஊரில் கண்ணாடி போடாத இளையரைத் தேடித்தான் பிடிக்கணும். கிட்டப்பார்வையைத் தடுக்க 2001-லேயே தேசியத் திட்டம் போட்ட நாடு இது. காற்றில் எப்போதும் ஈரம் வேறு. கண்ணாடியும் வேர்வையும் சைக்கிளும் சந்திக்கிற இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் சிங்கப்பூரைத்தான் சொல்வேன்.

வேர்வை உடம்பைக் குளிர்விக்கிறது என்று பள்ளியில் படித்தோம். பாதிதான் உண்மை. ஆவியாகும் வேர்வைதான் குளிர்விக்கும். ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சுமார் 8 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்க அவ்வளவு போதும். சொட்டிவிட்ட வேர்வையால் இந்த லாபம் எதுவும் கிடையாது. உடம்பு தண்ணீரையும் உப்பையும் செலவழித்ததுதான் மிச்சம். ராஜஸ்தானில் சைக்கிள் ஓட்டினால் நெற்றியில் உப்புத்தான் மிஞ்சும். இங்கே காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அதனால் வாங்க மறுக்கிறது. மறுத்தது கண்ணாடிக்கு வருகிறது.

அப்படி வழிந்ததைப் பிடிக்க நம் ஆட்கள் கொண்டுவந்தது துண்டு. பழைய சிங்கப்பூர்ப் படங்களில் கச்சாங் பூத்தே விற்கும் தமிழரைப் பார்த்திருப்பீர்கள். தலையில் பலகைத் தட்டு, தட்டில் கடலை வகைகள், தட்டுக்கும் தலைக்கும் நடுவே சுருட்டிவைத்த துணி. நம் சும்மாடு. பாரம் அழுத்தாமல் காக்கத்தான் வைத்தார்கள், வேர்வையையும் அதுவே குடித்தது. சைக்கிளில் பெரிய பெட்டி கட்டி ரொட்டி விற்றவர்களுக்கும், பால் ஊற்றியவர்களுக்கும் துண்டுதான் துணை.

ஊரில் துண்டு வெறும் வேர்வைச் சமாச்சாரமாக இருந்ததில்லை. யார் அதைத் தலையில் கட்டலாம், யார் தோளில் போடலாம், யாரைக் கண்டதும் அவிழ்த்து இடுப்பில் கட்டணும் என்று சாதி கணக்கு வைத்திருந்தது. கப்பலேறி வந்தவர்கள் அந்தக் கணக்கை முழுக்கத் தொலைத்துவிட்டு வரவில்லை. ஆனாலும் தலையில் கட்டிய துண்டை யாருக்காகவும் அவிழ்க்காமல் ஒரு தெருவில் நடப்பது சிலருக்கு இங்கே வந்துதான் வாய்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சக்கரத்தில் வேர்வை சிந்தியவர்களின் வரலாறு சீனர்களிடமிருந்து தொடங்குகிறது. ஷாங்காயிலிருந்து இழுவை ரிக்‌ஷா 1880-ல் சிங்கப்பூருக்கு வந்தது. பதிவு செய்யவும் கட்டுப்படுத்தவும் தனி அலுவலகம் வைக்குமளவுக்கு வண்டிகள் பெருகின. 1903-ல் அதற்காகக் கட்டிய நிலையம் இன்றும் தஞ்சோங் பகார் முனையில் நிற்கிறது. அந்தக் கூலிகளைப் பற்றி ஜேம்ஸ் வாரன் எழுதிய புத்தகம் 1986-ல் வந்தது. அவர்கள் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் இல்லை. அவர்களுடைய வாழ்க்கையைப் பெரும்பாலும் மரண விசாரணை ஆவணங்களிலிருந்துதான் அவர் தேடி எடுக்க வேண்டியிருந்தது. செத்த பிறகு பெட்டியில் என்ன இருந்தது, எவ்வளவு கடன் என்று அதிகாரி எழுதிவைத்ததுதான் அவர்களுடைய சுயசரிதை. வண்டியில் உட்கார்ந்தவர் உலர்ந்து போனார், இழுத்தவர் நனைந்து போனார். 1947-ல் இழுவை ரிக்‌ஷா முடிவுக்கு வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பெருகிய மிதிவண்டி ரிக்‌ஷா அந்த இடத்தைப் பிடித்தது. ஓடியவர் மிதிக்க ஆரம்பித்தார். வேர்வை அதேதான்.

ஜப்பான்காரன் என்றதும் இதையும் சொல்லணும். ஜப்பானியர்கள் கிட்டப்பார்வைக்காரர்கள், சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரர்கள், இவர்கள் எங்கே விமானம் ஓட்டுவது, இருட்டில் எங்கே சண்டை போடுவது என்ற நினைப்பு போருக்கு முன்னால் பிரிட்டிஷ்காரர்களிடையே பரவலாக இருந்தது. 1941 டிசம்பர் 8-ல் இறங்கிய யாமஷிதாவின் படையில் ஆயிரக்கணக்கானோர் மலாயாவின் நல்ல தார்ச்சாலைகளில் சைக்கிளில் வந்தார்கள். போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் இங்கே விற்பனையில் இருந்ததால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல இருந்ததாம். 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி போட்டவனைக் குறைத்து எடைபோட்டதற்கு இதைவிடப் பெரிய விலை யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

வேர்வையே வராமல் பண்ணுகிற வழி இதற்கிடையில் வந்துவிட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் தாள் உப்பி வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்ய 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததுதான் ஏர்கானின் தொடக்கம். மனிதனுக்கு முன்னால் தாள் சௌகரியமாக இருந்திருக்கிறது! சிங்கப்பூரில் 1939-ல் திறந்த கேத்தே திரையரங்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தக் குளிர் கிடைத்தது. பிறகு அரசாங்க அலுவலகங்கள். பிரதமரானதும் முதல் வேலையாக அரசு ஊழியர்கள் இருந்த கட்டடங்களில் ஏர்கான் போட்டதாக லீ குவான் இயூ பின்னாளில் சொன்னார். அது சரியான முடிவுதான், நானும் அந்தக் குளிரில் படித்து வந்தவன். ஆனால் கண்ணாடிக்காரனுக்கு அதிலும் ஒரு வம்பு. இங்கத்துக் காற்றின் ஈரம் 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் படிந்துவிடும். 22 டிகிரி அலுவலகத்திலிருந்து வெளியே வந்த நொடியில் லென்ஸ் வெள்ளையாகிவிடும்.

பந்தயக்காரர்கள் பருத்தித் தொப்பியை நம்பியிருந்தார்கள். 1975-ல் மோட்டார்சைக்கிள் கைப்பிடி விற்க ஆரம்பித்த ஓக்லி கம்பெனி, வேர்வை பட்டால் பிடிப்பு கூடும் என்று சொன்ன ஒரு ரப்பரைப் பிறகு கண்ணாடிகளுக்கும் கொண்டுவந்தது. கண்ணாடி வழுக்காமல் நிற்கும், சரி. நெற்றியிலிருந்து வருவதை அது தடுக்காதே. 2003-ல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் அந்திரேய் கிவிலேவ் விழுந்து இறந்தபின் தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது. இங்கே 2019 முதல் சாலையில் சைக்கிள் ஓட்ட ஹெல்மெட் வேண்டும். நியாயம்தான். ஆனால் வேர்வைக்கு ஒரு கூரையும் ஒரு தாழ்வாரமும் கிடைத்தன. தாழ்வாரம் நேராகக் கண்ணுக்கு மேலே.

நான் கட்டுமானத் தளத்தில் வேலை பார்ப்பவன். 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு மணிக்கும் வெப்ப அழுத்தத்தை அளக்கணும். கடும் உடலுழைப்பு என்றால், அளவு 32-ஐத் தொட்டால் மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33 என்றால் 15 நிமிடம். சாதாரண வெப்பநிலை இல்லை இது. 1950-களில் பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் அமெரிக்க மரீன் படையினர் வெயிலில் சுருண்டு விழுந்ததால் உண்டான கணக்கு. மூன்று வெப்பமானிகளில் ஒன்றின் குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருக்கும். காற்று எவ்வளவு வேர்வையை வாங்கிக்கொள்ளும் என்று அதுதான் சொல்லும். கணக்கில் பத்தில் ஏழு பங்கு அதற்கே.

போன வருஷம் ஒரு மதியம் திரையில் 31.9 தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 31.9தான். மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் கேட்டார்.

“சார், மெஷினு என்ன சொல்லுது?”

“இன்னும் வரலண்ணே.”

அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அதுக்கு மட்டும் துண்டு நனைச்சுக் கட்டி வச்சிருக்கீங்க.”

நான் எழுதிக்கொண்டு போய்விட்டேன். விதிப்படி தப்பில்லை. அடுத்த மணியில் 32.4. நடுவிலிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் 10 நிமிஷம் உட்காரச் சொல்லியிருந்தால் என்னை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அதிகபட்சம் அந்த ஒரு தூண் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவரைப் பார்த்தேன். அவரும் சைக்கிளில்தான் வந்திருந்தார். என் கண்ணாடியின் நிலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே சொல்லிக்கொடுத்தார். துண்டை மூணு விரல் அகலத்துக்கு மடிக்கணும். புருவத்துக்கு ஒட்டி மேலே, காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்மண்டையில் முடிச்சு. ஹெல்மெட் அதன்மேல் உட்காரணும். முடிச்சு தளர்ந்தால் துண்டு கண்ணுக்கு இறங்கும், இறுகினால் தலை வலிக்கும். சிவப்பு விழுந்ததும் முதலில் கண்ணாடியைக் கழற்றணும், பிறகு துண்டைப் பிழியணும்; துணி நிறைந்தபின் எந்தத் துணியும் சொட்டத்தான் செய்யும். கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தால் உள்ளே காற்று ஓடும் என்பது மட்டும் என் சேர்க்கை.

அன்றைக்கே மூன்று பருத்தித் துண்டு வாங்கினேன். உடனே கட்டப் பார்த்தேன், தடுத்துவிட்டார். புதுத்துண்டு தண்ணி குடிக்காதாம், ரெண்டு மூணு தடவை துவைச்சப்புறம்தான் கட்டணுமாம்.