ஆச்சி வீட்டு உழக்கு

பாஞ்சாலங்குறிச்சின்னா எல்லாருக்கும் கட்டபொம்மன், 1799. எனக்கு ஆச்சி வீட்டு உழக்கு.

மூணாங்கிளாஸ்ல வாய்ப்பாடு தலைகீழா ஒப்பிப்பேன். ஆனா "எட்டு, ரெண்டுக்கு எத்தனை மடங்கு?"ன்னா "ஆறு"ம்பேன். கழிச்சிருவேன்ல! ஆச்சி திட்டலை. ஆழாக்கையும் படியையும் குடுத்து அரிசியை அளக்கச் சொன்னா. எட்டாவது ஆழாக்குல படி நிறைஞ்சுது. 'எவ்வளவு கூட' வேற, 'எத்தனை மடங்கு' வேறன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால். 1, 2, 4, 8... நம்ம பைனரியேதான் மக்கா!

திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடி மனப்பாடம். அதுக்கு அர்த்தம் அடுப்படியிலயும் களத்துமேட்டுலயும் கிடைச்சுது. எடைக்கும் அப்படித்தான்: 2 குன்றிமணி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள்ல முத்து எடையே இந்தக் கணக்குலதான் இருக்கு.

1956 சட்டத்துக்கு அப்புறம் மெட்ரிக் வந்துச்சு. வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனா ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லிலிட்டர்னா, எந்தப் பிள்ளை ஊத்திப் பாக்கும்? 2007 வாக்குல அரசுப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் வந்தப்போ, புதுசுன்னாங்க. ஆச்சி இருந்திருந்தா சிரிச்சிருப்பா.

உங்க வீட்டுப் பரண்ல உழக்கு கிடந்தா பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுராதீங்க. பிள்ளைங்க கையில குடுங்க.