பாயிரமும் குடிவழியும்

தமிழ்நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது இலக்கண நூலார் கொள்கை. நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு இலக்கணம் கூறுமிடத்து, ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினை முதலில் வைக்கிறது. காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் அவற்றோடு கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் எனக் குறிக்கிறது. தன்னைத் தானே புகழ்தல் தகாதாகையால் பாயிரத்தைப் பிறரே செய்தல் வேண்டும். அவரும் ஆசிரியராகவோ, உடன் கற்றவராகவோ, மாணாக்கராகவோ, உரைகாரராகவோ இருத்தல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. அந்த நூலாசிரியருக்கே இவ்விதி பெரிதும் பயன்பட்டது. பவணந்தியாரின் தந்தை சன்மதி முனிவர், ஊர் சனகாபுரம், நூல் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் செய்திகளை இன்று நாம் அறிவது நன்னூலின் சிறப்புப்பாயிரத்தால்தான். அப்பாயிரம் ஏட்டோடு அழிந்திருந்தால் பவணந்தியார் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் அற்ற ஒருவராகவே நின்றிருப்பார்.

ஓலையிலிருந்து தாளுக்கு வந்த காலத்தில் இம்மரபு சுருங்கவில்லை, பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை ஆகியவற்றுள் எதனை விரித்தாலும், நூலுக்கு முன்னே பத்து இருபது பக்கங்கள் சாற்றுகவிகளாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு கவிக்கும் மேலே அதைப் பாடியவரைப் பற்றிய நீண்டதொரு தலைப்பு இருக்கும். இன்ன ஊரினரும், இன்ன வித்துவானின் குமாரரும், இன்னாரின் மாணாக்கரும், இன்ன பாடசாலைத் தமிழ்ப் பண்டிதருமாகிய இன்னார் இயற்றிய ஆசிரிய விருத்தம் என அது விரியும். கவியின் சுவையில் ஈடுபட்டவர்கள் அத்தலைப்பைக் கடந்து போய்விடுவர். குடும்ப வரலாறு தேடுவோர்க்கோ கவியினும் தலைப்பே பெரிது. ஊர், தந்தை, ஆசிரியர், தொழில், வாழ்ந்த காலம் ஆகிய ஐந்தும் ஒரே வரியில் அங்கே கிடைக்கின்றன. தம் பெயரில் ஒரு நூலும் அச்சேறாத புலவர்கள் பலர் இவ்வாறு பிறர் நூல்களின் முகப்பில் மட்டுமே எஞ்சியுள்ளனர். தம் முப்பாட்டனார் கவி பாடுவார் என்று கேள்வியளவில் மட்டும் அறிந்த ஒரு குடும்பத்திற்கு அவரது எழுத்து கிடைக்கக்கூடிய ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம்.

பாயிரங்களோடு கையொப்பக்காரர் பட்டியலையும் சேர்த்து எண்ணவேண்டும். அச்சுச்செலவைத் தாங்க இயலாத பதிப்பாசிரியர்கள், நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் பெறுவது அக்கால வழக்கம். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்க உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை என் சரித்திரம் படித்தோர் அறிவர். இவ்வாறு பொருள் உதவியோரின் பெயரையும் ஊரையும் உத்தியோகத்தையும் நூலின் முன்னோ பின்னோ அச்சிட்டு நன்றி பாராட்டினர். தாசில்தார், வக்கீல், மிராசுதார், பள்ளி உபாத்தியாயர் எனப் பலரும் அப்பட்டியல்களில் வருவர். கவிஞர் அல்லாத முன்னோரைத் தேடுவோர்க்கு இதுவே புகலிடம்.

இத்தகைய பக்கங்களுக்கு நேர்ந்த கதி வருந்தத்தக்கது. பிற்காலத்தில் அந்நூல்களை மறுபதிப்புச் செய்தோர் பலர், மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாற்றுகவிகளையும் பட்டியல்களையும் நீக்கிவிட்டனர். தாளின் விலையும் வாசகரின் பொறுமையும் காரணமாகக் கூறப்படலாம். புகழ்ச்சிக் கவிகள் இலக்கியம் ஆகா என்னும் எண்ணமும் உள்ளே இருந்திருக்கும். எவ்வாறாயினும், ஓர் ஊரின் புலவர் குழாம் முழுவதும் ஒரு மறுபதிப்பில் மறைந்து போயிற்று. முதற்பதிப்பின் படியோ எங்கோ ஒரு நூலகத்தில் செல்லரித்துக் கிடந்தது. ஓர் ஊருக்குப் பயணம் செய்து, நூலகரை இரந்து, தொட்டால் நொறுங்கும் தாளைப் புரட்டும் வாய்ப்பு ஆய்வாளர் சிலர்க்கே வாய்த்தது. குடும்பத்தார் எவர்க்கும் வாய்த்திலது.

இந்நிலையை மாற்றியது மின்னுருவாக்கம். மதுரைத் திட்டம் 1998-இல் தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் வழங்கத் தொடங்கியது. அது செய்த தொண்டு பெரிது. ஆயினும் குடிவழி தேடுவோர்க்குத் தட்டச்சுப் படியினும் பக்கத்தை உள்ளவாறே படம்பிடித்த படியே வேண்டும். அட்டை, அச்சகத்தின் பெயர், விலை, பாயிரத் தலைப்பு, ஓரத்தில் யாரோ எழுதிய பெயர் எல்லாம் அதில்தான் கிடைக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுப்பு, அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-இல் திறக்கப்பட்டது. இவற்றோடு இண்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற உலகப் பொது நூலகங்களும் சேர்ந்து, முதற்பதிப்புகள் பலவற்றை வீட்டில் இருந்தவாறே காணச் செய்தன. 1981 சூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்வழிவை நினைப்போர்க்கு ஒரு பக்கத்தின் படம் பல இடங்களில் இருப்பதன் பொருள் விளங்கும்.

தேடுதல் எளிதென்று எண்ணற்க. முதற்றடை பெயரே. ஒரு குடும்பம் வேங்கடராமன் என்னும் பெயரை வைத்துக்கொண்டு தேடுகிறது எனக் கொள்க. அவர் நூல்களிலோ சாமிநாதன் என்றே இருப்பார். இது கற்பனையன்று, உ. வே. சாமிநாதையரின் சொந்த வரலாறு. பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விரும்பியவாறு சாமிநாதன் என்பது நிலைத்தது. அவர் தம் சரித்திரத்தைத் தாமே எழுதியமையால் நாம் அறிந்தோம், எழுதாதவர் எத்துணையர்! தலைப்பெழுத்துகளும் இவ்வாறே மயக்கும். உ. வே. என்பதில் உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும் உளர்; சி. வை. தாமோதரம் பிள்ளையின் பெயரில் சிறுப்பிட்டியும் வைரவநாத பிள்ளையும் உளர். ஆனால் அவரே ஆங்கில ஏடுகளில் சி. டபிள்யு. என வருவார். ஒரு நூலகப் பட்டியலில் ஒருவராக இருப்பவர் மற்றொன்றில் வேறொருவராகத் தோன்றுவதன் காரணம் இதுவே. பிள்ளை, முதலியார், ஐயர் முதலான பட்டங்களைப் பின்வந்தோர் துறந்தது சமுதாயத்திற்கு நன்மையே; தேடுவோர்க்கு மட்டும் அது ஒரு கண்ணியை அறுத்துவிட்டது.

இரண்டாவது தடை எழுத்து. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை வேறு வடிவில் அச்சாயின. படத்தைப் படித்து எழுத்தாக்கும் கணினி நிரல் இவற்றைக் கண்டு தடுமாறுகிறது. பழைய அச்சில் சொற்களைப் பிரிக்காமல் தொடர்ந்து அமைத்தமையால் பிள்ளையவர்கள்குமாரர் என்பது ஒரே சொல்லாக நிற்கும். தேடுபொறி பிள்ளையையும் காணாது, குமாரரையும் காணாது. ஆண்டெண்ணோ இன்னும் சிக்கல். ௧௮௮௭ என்று அச்சிட்டதைக் கணினி க, அ, அ, எ என்று எழுத்தாகவே படித்துவிடும். ஆகவே பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிடுதல் கூடாது. ஊர்ப்பெயரைத் தேடலாம், அவ்வூர்க் கோயிலின் மீது எழுந்த அந்தாதியையும் பதிகத்தையும் தேடலாம், பின்பு பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஊரும் ஒரு பெயரில் நில்லாது. திருச்சிராப்பள்ளி திரிசிரபுரமாகவும், மயிலாடுதுறை மாயூரமாகவும், நல்லூர் நல்லையாகவும், வண்ணார்பண்ணை வண்ணையாகவும் பாயிரங்களில் வரும்.

தமிழ் ஆண்டுப்பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வது. சர்வசித்து வருடம் என்றால் 1827, 1887, 1947 மூன்றும் பொருந்தும். நெல்லைச் சீமை நூல்களில் கொல்லம் ஆண்டு வருமாயின் 824 அல்லது 825 கூட்டிக்கொள்க. ஐயம் தீராதபோது வெள்ளையர் ஆட்சியின் பதிவுகள் கைகொடுக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தால் அச்சாகும் நூலெல்லாம் பதிவாகவேண்டியதாயிற்று. நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், படிகளின் தொகை, விலை ஆகியவை காலாண்டுப் பட்டியல்களாக வெளிவந்தன. அதற்கு முந்தியவற்றுக்கு மர்டாக் 1865-இல் தொகுத்த தமிழ் நூற்பட்டியல் உண்டு. புலவர் வரலாறுகளுள் சைமன் காசிச்செட்டியின் தமிழ் புளூட்டார்க் (1859), ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் (1886), சி. கணேசையரின் ஈழநாட்டுத் தமிழ்ப்புலவர் சரிதம் (1939) மூன்றையும் முதற்கண் பார்த்தல் நலம்.

கண்டதை நம்புவதிலும் அளவு வேண்டும். சிற்றிலக்கியங்கள் பாட்டுடைத் தலைவரின் குலத்தையும் கொடையையும் விரித்துரைக்கும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை மீது மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய குளத்துக்கோவை, குளத்தூரில் பிறந்த கிறித்தவர் ஒருவர்க்கும் சைவப் பெரும்புலவர் ஒருவர்க்கும் இருந்த கெழுதகைமைக்கு உறுதியான சான்று. ஆனால் கோவைத் தலைவர் ஒருவரின் கொடையையும் வீரத்தையும் வரலாறாகக் கொள்ளல் ஆகாது. வேளாளர் எவரையும் கங்கை குலத்தவர் என்பது மரபுப் புகழ்ச்சி. அதைக் கண்டு கங்கைக்கரை வரை வேர் தேடிச் செல்வோர் உளர்! ஒரே பெயருடையோர் மிகுதியாதலின், ஊர், தந்தை, ஆசிரியர், காலம் ஆகியவற்றுள் மூன்றேனும் ஒத்தாலன்றி இன்னார் எம் முன்னோர் என்று முடிவு செய்தல் தகாது. பிறர் பாட்டனாரைத் தம்மவராக்கிக் கொண்டால், அவருடைய உண்மையான வழியினர்க்கு அவர் கிடைக்காமற் போவார்.

பாயிரத்தின் பெருங்குறை ஒன்று உண்டு. அதில் தாயர் இல்லை. தந்தையும் ஆசிரியரும் பெயர் பெறும் தலைப்பில் தாயின் பெயரோ மனைவியின் பெயரோ இடம்பெறுதல் மிக அரிது. இக்குறையை நிறைப்பது, கற்றோர் பெரிதும் மதியாத மற்றொரு வகைச் செய்யுள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது கல்வெட்டு என்னும் பெயரால் சிறுநூல் அச்சிட்டு உறவினர்க்கு வழங்குவது வழக்கம். ஊர்ப்புலவர் ஒருவர் அதைப் பாடுவார். திதிவெண்பாவில் தொடங்கி, மறைந்தவரின் பிறப்பு, கல்வி, மணம், மக்கட்பேறு ஆகியவற்றைக் கூறிப் பின்பு புலம்பலில் முடியும். அப்புலம்பலும் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என முறைவைத்து வரும், பெறாமக்களும் விடுபடார். ஒப்பாரியின் சாயல் கொண்ட, எதுகைக்காகச் சொல் நீட்டிய செய்யுள்கள் என்று திறனாய்வாளர் இவற்றை ஒதுக்கினர். உறவின் வரிசை இத்துணைத் தெளிவாக வேறெங்கும் இல்லை. இறந்தவர் பெண்ணாயின் நூலே அவர் பெயரால் அமையும். அவர் பிறந்த ஊர், புகுந்த ஊர், உடன்பிறந்தார், சீதனமாக வந்த வளவின் பெயர்கூட அதில் இருக்கலாம்.

நூலகம் திட்டத்தில் இத்தகைய கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் இடம்பெற்றுள்ளன. எனினும் படமாகாதவை இன்னும் வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. 1983-க்குப் பின் ஊர்விட்டுப் பெயர்ந்த குடும்பங்களோடு சில கடல் கடந்தும் சென்றன. விற்பனைக்கு அன்றி உறவினர்க்கு மட்டும் வழங்கப்பட்டமையால் பொது நூலகங்களை அவை மிகுதியாக எட்டவில்லை. மேலட்டை கிழிந்து, ஆண்டும் அச்சகமும் தெரியாமற் போன கல்வெட்டு கிடைத்தாலும் குற்றமில்லை. உள்ளே திதிவெண்பா இருக்குமாயின் வருடம், மாதம், பக்கம், திதி ஆகியவை கிடைத்துவிடும்; எந்த அறுபதாண்டுக்கு உரியது என்பதைப் பேரர் புலம்பலில் வரும் பெயர்களைக் கொண்டு துணியலாம்.