பொன்னும் முதுமையும்: ஒரு விலை வரலாறு

பொன் காலத்தை வெல்லும் என்பது பொருளியலாளரும் பாமரரும் ஒருங்கே ஏற்கும் கூற்றாகும். ஆயினும் எவருடைய காலத்தை என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அரசொன்று நூறாண்டு காத்திருக்கலாம்; அறுபது வயதில் இளைப்பாறிய ஒருவருக்கு அது இயலாது. பொன்னை வாங்கி நெடுங்காலம் வைத்திருத்தல் நன்றா, அன்றி விலையின் போக்கறிந்து வாங்கி விற்றல் நன்றா என இன்றும் நிகழும் வாதத்தை இவ்வேறுபாட்டை மனங்கொண்டே நோக்குதல் வேண்டும்.

1934 முதல் ஓர் அவுன்ஸ் பொன்னின் உத்தியோகபூர்வ விலை 35 டொலராக இருந்தது. 1971 ஓகஸ்ட் 15 இல் சனாதிபதி நிக்சன் டொலருக்கும் பொன்னுக்குமிடையிலான பிணைப்பை அறுத்தார். 1933 இல் பறிக்கப்பட்ட, பொன்னைத் தடையின்றி வைத்திருக்கும் உரிமை அமெரிக்கக் குடிமக்களுக்கு 1974 டிசெம்பர் 31 இலேயே மீண்டும் கிடைத்தது. அப்போது 200 டொலரை அண்மித்திருந்த விலை, 1976 ஓகஸ்டில் ஏறத்தாழ 103 டொலருக்கு இறங்கியது. உரிமை கிடைத்தவுடன் விரைந்து வாங்கியோர் இருபது மாதங்களுள் கைமுதலிற் பாதியை இழந்தனர். பின்னர் எண்ணெய் விலையேற்றம், ஈரானியப் புரட்சி, ஆப்கானிஸ்தானுட் சோவியத் படை நுழைந்தமை ஆகியன ஒன்றுசேர, 1980 ஜனவரி 21 இல் இலண்டன் விலை 850 டொலரைத் தொட்டது.

எழுபதுகளில் நிலையான வருமானத்தை நம்பியிருந்த முதியோரைப் பணவீக்கம் நலித்தபோது, முன்னரே பொன் வாங்கியோர் தப்பினர் என்பது உண்மையே. ஆனால் உச்சத்தில் வாங்கியவரின் கதை வேறு. போல் வோல்க்கரின் தலைமையில் அமெரிக்க மத்திய வங்கி வட்டிவீதத்தை 20 சதவீத அளவுக்கு உயரவிட, பொன் வீழ்ந்தது. 850 டொலர் என்னும் விலை மீண்டும் எட்டப்பட்டது 2008 ஜனவரியில். அன்று அறுபது வயதினராயிருந்தவர் அப்போது எண்பத்தெட்டு வயதினர். அதற்கிடையில் அமெரிக்காவில் நுகர்வுப் பொருள் விலைகள் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. உச்சவிலை ஒருநாள் விலைதானே எனலாம். 1980 இன் சராசரி விலையாகிய 600 டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு வாங்கியவரும் 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. இதனினும் முக்கியமானது, பொன் வட்டி தருவதில்லை; அதனை உண்டு வாழ்வதெனில் சிறிது சிறிதாக விற்றாதல் வேண்டும். தாழ்ந்த விலையில் விற்ற பொன்னுக்குப் பின்வந்த ஏற்றத்தாற் பயனில்லை.

அவ்வாறெனில் காலமறிந்து விற்கலாமே எனின், பிரித்தானியத் திறைசேரியின் அனுபவம் நோக்கற்பாலது. தன்னிடமிருந்த ஏறத்தாழ 715 தொன் பொன்னிற் பெரும்பகுதியை விற்கப்போவதாக அது 1999 மே 7 இல் அறிவித்தது. 2002 மார்ச் வரை 17 ஏலங்களில் 395 தொன் அளவில் விற்கப்பட்டது. கிடைத்த சராசரி விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 275 டொலர். இருபதாண்டு காணாத தாழ்விலை அது. ஒதுக்குகளைப் பன்முகப்படுத்தலே நோக்கம், விலையூகம் அன்று என அரசு கூறியது. அவ்விளக்கம் முற்றிலும் பொருந்தாததன்று. எனினும் நிபுணர் படையொன்றைக் கையில் வைத்திருந்த திறைசேரிக்கே புலப்படாத தருணம், தனித்திருக்கும் ஓய்வூதியருக்குப் புலப்படும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இவ்வினா நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்குவதன்று. உழைப்பின் சேமிப்பனைத்தும் ஒரே தடவையிற் கைக்கு வருகின்றது. 2022 இல் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்தபோது இங்கு பவுண் விலை ஏறியது. உலகச் சந்தையில் அவ்வாண்டின் நடுப்பகுதியிற் பொன் விலை இறங்கிக்கொண்டிருந்தது. ஏறியது பொன்னன்று, வீழ்ந்தது ரூபா. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தவேளை, பலர் தம் நகைகளை அரிசிக்கும் மருந்துக்குமாக அடைவு வைத்தனர்.