காவலன் வயிற்றில் கள்வன்

வாளேந்தி வருபவனை வாயிலிலே மடக்கலாம். வாயிற்காவலனின் வயிற்றுக்குள்ளேயே குடியேறி, அவன் நிழலிலேயே பெருகும் பகைவனை எப்படி மடக்குவது? கற்பனைக் கதையன்று இது. காசநோய்க் கிருமியின் வரலாறு. எலும்புருக்கி என்று நடுங்கினர் நம் நாட்டார். ஊழ்வினை என்று உள்ளம் ஒடிந்தனர். ஐரோப்பாவிலும் பலர் பரம்பரைக் குறை என்று கூறிப் பெருமூச்சு விட்டனர். காரணம் அறியாத இடத்தில்தானே தலைவிதி அரியணை ஏறுகிறது!

1882 மார்ச் 24. பெர்லின் நகரில் உடலியல் சங்கக் கூட்டம். இராபர்ட் கோக் என்ற மருத்துவர் எழுந்தார். மாந்தருள் ஏழில் ஒருவரை இந்நோய் மாய்க்கிறது என்றார். மாய்க்கும் கோல்வடிவக் கிருமியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காட்டினார். அதை உடலுக்கு வெளியே வளர்த்து, விலங்குகளுக்குச் செலுத்தி, அதே நோய் தோன்றுவதையும் மெய்ப்பித்தார். விதி இறங்கியது; காரணம் அரியணை ஏறியது.

அதே ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில் மற்றோர் ஆய்வு. உருசிய விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகாவ், கண்ணாடி போன்ற நட்சத்திர மீனின் இளவுயிரில் ரோசா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் பார்த்தார். நகரும் அணுக்கள் படையெனத் திரண்டு முள்ளைச் சூழ்ந்து நின்றன! அந்நியப் பொருளை வளைத்து விழுங்கும் காவலர்கள் உடலுக்குள்ளேயே உண்டு என்ற உண்மை அங்கே பிறந்தது. 1908-இல் நோபல் பரிசு பால் எர்லிக்குக்கும் இவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆனால், கேள்வி ஒன்று எஞ்சியது. காவலணு காசக்கிருமியையும் விழுங்கத்தான் செய்கிறது. விழுங்கிய பின்னும் கிருமி சாகவில்லையே, ஏன்?

விழுங்கப்பட்ட கிருமி அணுவுக்குள் ஒரு சிறு பையில் அடைபடுகிறது. செரிக்கும் நீர் நிறைந்த வேறு பைகள் வந்து அதனோடு கலக்க வேண்டும். கலந்தால் கிருமி கரையும். அச்செரிபைகளுக்கு 1955-இல் லைசோசோம் என்று பெயரிட்டார் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ். 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், மின்னணு நுண்ணோக்கியின் துணையால் உண்மையை வெளியிட்டனர். செத்த கிருமி இருந்த பையோடு செரிபைகள் கலந்தன. உயிருள்ள கிருமி இருந்த பையோடு பெரும்பாலும் கலக்கவில்லை! சிறைக்கதவை உள்ளிருந்தே தாழிட்டுக் கொண்டான் கள்வன். 1975-இல் அவர்களே மேலும் ஒன்று கண்டனர். எதிர்ப்பொருள் பூசிய கிருமிகளை விழுங்கச் செய்தபோது பைகள் கலந்தன. அப்போதும் கிருமிகள் பிழைத்தன. மெழுகுபோன்ற தடித்த உறை அவற்றின் கவசம். பையில் அமிலம் ஏறாமல் தடுப்பதும் அக்கிருமியின் சூழ்ச்சியே என்பது பின்னர் விளங்கியது.

உடலும் சும்மா இருப்பதில்லை. அணுக்கள் திரண்டு கிருமியைச் சுற்றி அரண் கட்டுகின்றன. அரணுக்குள் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பசியாலோ பிற பிணியாலோ உடல் தளரும் நாளில் வெளிப்படும். நோய் ஏழைக் குடிசைகளைத் தேடிச் செல்வதன் பொருள் இப்போது புரிகிறதல்லவா? இருமலில் பறக்கும் கிருமிக்குக் காற்றோட்டமில்லாத ஒற்றையறை வசதி. அடங்கிக் கிடக்கும் கிருமிக்கு அரைவயிற்று உணவு வசதி. பாவமும் புண்ணியமும் அதற்குத் தெரியா.

மறைந்திருப்பவனைத் தாக்க, மறைவிடம் புகும் படை வேண்டும். 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அணுவுக்குள் எளிதில் புகாது. தனித்துக் கொடுத்தபோது கிருமிகள் அதற்குப் பழகியும் போயின. 1952-இல் வந்த ஐசோநையாசிட் அணுவுக்குள்ளும் புகுந்தது. பல மருந்துகளைச் சேர்த்து, பல மாதம் கொடுக்கும் முறை பிறந்தது.

அம்முறையை ஏழைகளுக்கு எட்டச் செய்ததில் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் இங்கு அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு பகுதியினருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்தளித்தது. 1959-இல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீடும் குறைவான உணவும் இருந்தபோதிலும், வீட்டில் மருந்துண்டவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர்! செல்வருக்கே கிட்டும் மலைவாசம் இல்லாமலும் பிழைக்கலாம் என்று உலகுக்குச் சொன்னது அந்த ஆய்வு.

இருந்தும் 2023-இல் மட்டும் உலகில் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். மருந்து இல்லையா? உண்டு. பலருக்கு அது எட்டுவதில்லை. எட்டியவர்களிலும் சிலர் இருமல் நின்றதும் நிறுத்தி விடுகின்றனர். இளைஞர்களே! இருமல் நின்றது கள்வன் ஓடியதற்குச் சான்றாகாது. காவலன் வயிற்றில் அவன் பதுங்கியிருக்கலாம். அண்டை வீட்டில் ஒருவர் இருமினால் ஒதுக்காதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைசி மாத்திரை வரை உடன் நில்லுங்கள். கிருமிக்குத் தெரிந்த வித்தை மறைவது ஒன்றே. அதைத் தேடிப் பிடிக்கும் அறிவு நமக்குண்டு. அந்த அறிவைக் குடிசைவரை கொண்டு செல்லும் கால்கள்தாம் இன்னும் தேவை.